மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் வரவேற்பறையில் இப்போது ஒரு பெரிய திரை வைத்திருக்கிறார்கள். மருத்துவர்களின் படமும் பின்னணியும் அதில் மாறி மாறி ஓடும். நான் ஓய்வு பெற்ற மறுவாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் நிவேதா கூப்பிட்டாள்.

"மேடம், ஆலோசகர்னு உங்க படத்தையும் போடறோம். பின்னணி நாலு வரி அனுப்புங்க. படிப்பு, அனுபவம், சிறப்புத் துறை."

அனுப்பினேன். எம்.பி.பி.எஸ்., மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம், முழுப் பணிக்காலமும் இதே மருத்துவமனை. சிறப்புத் துறை: பெண்கள் நலம், வளரிளம் பருவத்தினர் நலம், பொது மருத்துவம். மாலையில் மறுபடியும் அழைப்பு.

"மேடம், சிறப்புன்னா ஒண்ணுதானே? மூணு போட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும்னு டிசைன் பண்றவர் சொல்றாரு."

மூன்றும் இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய பதில் இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீடு திரும்பியதும் அன்றைய பேச்சுகளைக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. நோயாளிகளின் பெயர்களை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

படித்த கதை பெரிதில்லை. எல்லா மருத்துவர்களையும் போல மனப்பாடம் செய்தேன், பிரசவ அறையில் நின்றுகொண்டே தூங்கப் பழகினேன். பட்டயம் முடித்த கையோடு ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். ஓராண்டு இருந்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம். போகாததற்குக் காரணம் டாக்டர் அமலி.

அவர்தான் எங்கள் சீஃப். தூத்துக்குடிக்காரர். ராயபுரத்துக்கு வந்து பல வருடங்கள் ஆகியிருந்ததால் வேண்டும்போது வடசென்னைத் தமிழை அந்த ஊர்க்காரர்களைவிடச் சரளமாகப் பேசுவார். மேசைக்குப் பின்னால் உட்காரமாட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டு, நோயாளியின் முழங்காலுக்கும் தன் முழங்காலுக்கும் இடையில் எதுவும் இல்லாதபடி உட்காருவார். வயதுப் பெண்ணை அம்மா கூட்டி வந்தால், முதலில் அம்மா பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பார். முடிந்ததும், "சரிம்மா, உங்க பிரஷரைப் பார்த்து ரொம்ப நாளாயிருக்குமே. அந்த ரூம்ல சிஸ்டர் இருக்காங்க, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். அம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு மகளிடம் திரும்புவார்.

அது மகளைத் தனியாகப் பார்ப்பதற்கான தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பக்கத்து அறையில் உண்மையிலேயே ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. மகளின் முகப்பருவுக்காக வந்த அம்மாக்கள் பலர், தங்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டார்கள். தனக்கென்று ஆஸ்பத்திரிக்கு வராத பெண்கள் அவர்கள். மகள் பெயரில் வந்த ஒரே சீட்டில் வீட்டிலிருக்கும் இரண்டு பேரையும் பார்த்துவிடுவார் சீஃப்.

அவருடைய இன்னொரு வழக்கம் தேதியைப் பற்றியது. "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று நாம் எல்லோரும் கேட்போம். அவரும் கேட்பார். ஆனால் பதிலை உடனே எழுதமாட்டார். "அப்ப எங்க இருந்தே? ஸ்கூல்லயா, வூட்லயா? யார்கிட்ட சொன்னே?" என்று தொடருவார். தேதியை யாரும் சொல்லிவிடலாம். நடந்திருந்தால்தான் இடம் நினைவிருக்கும் என்பது அவர் கணக்கு. நான் சேர்ந்த முதல் மாதமே அதை எடுத்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

பொது மருத்துவம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு எண்ணூர்ப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் பாக்கெட் போடும் வேலை பார்க்கும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீர்த் தொற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். மாத்திரை கொடுத்தேன். சரியானது. மறுபடியும் வந்தார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றதற்கு அவர்களில் ஒருத்தி சிரித்தாள்.

"சோக்கா சொல்ட்டீங்க டாக்டரம்மா. குடிச்சா எங்க போறது? உள்ள ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் கீது."

சீஃப்பிடம் சொன்னேன். அவர் மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தத் தொழிற்கூடத்துக்குப் போனார். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சீஃப் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். அதையும் குடித்துவிட்டு மூன்றாவதும் வாங்கிக் குடித்தார். பேச்சு வெயிலைப் பற்றியும் ரோட்டில் நிற்கும் டிரெய்லர்களைப் பற்றியும் போனது. பிறகு எழுந்து, "லேடீஸ் டாய்லெட் எந்தப் பக்கம்?" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மேடம், அது வந்து... இங்க தனியா..."

"பரவால்ல. உங்க லேடீஸ் எங்க போறாங்களோ அங்கயே போறேன். கூட ஒருத்தர வந்து காட்டச் சொல்லுங்க."

சீஃப் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் மேலாளர் தன் அறையை ஒட்டியிருந்த கழிப்பறையின் சாவியைக் கொடுத்தார். அந்த மாதத்துக்குள் பெண்களுக்கென்று ஒன்று கட்டினார்கள். அதன்பின் அங்கிருந்து வந்த பெண்களுக்கு நான் அந்த மாத்திரையை எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்கவில்லை. பிரசவத்தோடு நிற்காமல் மற்ற நோய்களையும் நான் பார்க்கத் தொடங்கியது அதிலிருந்துதான்.

இனி மித்ராவின் விஷயம்.

அப்போது நான் அங்கே பத்து வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருந்தேன். புறநோயாளிகள் நாள். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பெண்கள் வராந்தாவின் இரண்டு பெஞ்சுகளிலும் நிறைந்து, தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே, வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஒரு பெண்ணை நடத்திக்கொண்டு வந்தார்கள். சங்கமித்ரா, வயது பதினைந்து. கால்பந்து ஆடுகிற பெண் என்பது அவள் முழங்கால் தழும்புகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் அம்மா சாந்தி, வீட்டு வேலை செய்பவர். இன்னொரு பக்கம் அம்மாவின் தம்பி குணா, துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுபவர்.

என் அறை வாசலுக்கு வருமுன்பே குணா கத்தத் தொடங்கிவிட்டார்.

"டாக்டரு! வயிறு மேடா கீது பாருங்க. கேஸு, பூச்சின்னு எத்தினி நாள் ஏமாத்துவாங்க? எவன்னு கேளுங்க. பேர மட்டும் சொல்லச் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்!"

வராந்தாவில் பேச்சு அடங்கியது. சாந்தி, "டேய், வாய மூட்றா" என்று பல்லைக் கடித்தார். தாமதமாகிவிட்டது. பெஞ்சிலிருந்த பெண்களில் பாதிப் பேர் அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்துக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள்.

குணாவை வெளியே நிறுத்திவிட்டு மற்ற இருவரையும் உள்ளே அழைத்தேன். சாந்தி சொன்னது இது: பல மாதமாக அவ்வப்போது வயிற்று வலி. பார்த்த கிளினிக்குகளில் வாயு என்றார்கள், பூச்சி என்றார்கள், சிறுநீர்த் தொற்று என்றார்கள். நேற்று மாலையிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது.

"வயசுக்கு வந்துட்டாளா?"

"வந்து ரெண்டு வருசமாச்சு மேடம். தெரு முனைல பேனரு வெச்சு, மோளம் அடிச்சு, சோக்கா செஞ்சோம். வெளிய நிக்கறான் பாருங்க, அவன்தான் தாய்மாமன், தட்டு தட்டா சீரு தூக்கினு வந்தான்."

இதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் அந்தக் கேள்வியை மூடியிருக்கிறார்கள். விழா நடந்திருக்கிறது, பேனர் இருந்திருக்கிறது, இனி சந்தேகம் எதற்கு? எங்கள் பகுதியில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

சாந்தியை ரத்த அழுத்தம் பார்க்க அனுப்பினேன். சிறுநீரை வெளியேற்றும் குழாயைச் சிஸ்டர் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த இடைவெளியில் மித்ராவிடம் கேட்டேன்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"அஞ்சாந்தேதி."

"அதுக்கு முன்ன?"

"அஞ்சாந்தேதி."

"அதுக்கும் முன்ன?"

"எப்பவுமே அஞ்சாந்தேதிதான் டாக்டர். கரெக்டா வந்துடும்."

ரேஷன் கடைகூட அத்தனை ஒழுங்காகத் திறப்பதில்லை. மாதவிடாய் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. சில நாள் முன்னே, சில நாள் பின்னே என்று தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். அதுவும் ஆரம்ப வருடங்களில் ஓர் ஒழுங்குக்கும் வராது. தேதி மாறாமல் இருப்பது மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான்.

"போன அஞ்சாந்தேதி எங்க இருந்தே?"

"ஸ்கூல்ல."

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மித்ரா."

கதவைப் பார்த்தாள். "அம்மா வந்துடுமா?"

"வராது. சிஸ்டர் விடமாட்டாங்க."

"எனக்கு அது வந்ததே இல்ல டாக்டர்."

பிறகு மளமளவென்று சொன்னாள். பதின்மூன்று வயதில் மைதானத்தில் சறுக்கி விழுந்ததில் மேல்தொடையில் தோல் கிழிந்திருக்கிறது. டிரவுசரில் ரத்தம். அதைத் துவைக்கப் போட்டதும் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டுக் குலவை போடாத குறையாகக் கத்தியிருக்கிறார். "நான் சொல்லத்தான் வாயத் தொறந்தேன் டாக்டர். தொறந்த வாயில லட்டப் போட்டுட்டாங்க. நான் முழுங்கறதுக்குள்ள மாமாக்குப் போன் போயிடுச்சு." அதன்பின் பந்தல், பேனர், நலங்கு. பேனரில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் மாமாவின் முகம், கூலிங் கிளாஸோடு. இனி எப்படிச் சொல்வது? தானாக வந்துவிடும், அப்போது சரியாகிவிடும் என்று காத்திருந்தாள். அம்மா வாங்கித் தரும் நாப்கினை மாதா மாதம் ஐந்தாம் தேதி பிரித்து, சுருட்டி, குப்பையில் போட்டாள்.

குழாய் வைப்பதற்காகப் பார்த்தபோதே விடை கண்ணுக்குத் தெரிந்தது. கருவி எதுவும் உள்ளே வைக்கத் தேவையில்லை. பிறப்புறுப்பின் வாயில் இருக்கும் மெல்லிய சவ்வில் இயல்பாகத் திறப்பு இருக்கும். சிலருக்கு அது முழுதாக மூடியே பிறக்கும். மித்ராவுக்கு அப்படி. நீலம் பூத்து, வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மாதவிடாய் அவளுக்கு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, மாதா மாதம் வலித்து, இப்போது சிறுநீர்ப் பாதையை நெரிக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது. வயிற்றில் தெரிந்த மேடு அதுதான். சிறுநீர் இறங்கியதும் மித்ராவின் முகம் மாறியது. கர்ப்பப் பரிசோதனையும் செய்தோம், இல்லை. ஸ்கேனும் நான் பார்த்ததையே சொன்னது.

சீஃப் வந்து பார்த்தார். மித்ராவுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ஆபரேஷன் சின்னது. ஆனா உங்கம்மா கையெழுத்து வேணும். கையெழுத்துப் போடறவங்களுக்கு உண்மை தெரியணும். யார் சொல்றது? நீயா, நானா?" என்றார்.

"அம்மாகிட்ட நானே சொல்றேன். மாமாக்கு மட்டும் வேணாம்."

"மாமா வயித்துல ஆபரேஷன் இல்ல. அவருக்கு எதுக்கு?"

சாந்தி வந்தார். மித்ரா சொன்னாள். சாந்தி அடிப்பார் என்று நினைத்துச் சிஸ்டர் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

"ரெண்டு வருசமா வெறும் நாப்கினயா தூக்கிப் போட்டுகினு இருந்தே?" என்றார் சாந்தி. மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். "இத்தினி வலிய வெச்சுகினு... நான் ஒரு கூறு கெட்டவ, கேஸுன்னு சோடா வாங்கிக் குடுத்துகினு இருந்தேன்."

சீஃப் தன் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டார். "தெருவுல சின்டெக்ஸ் தொட்டி கீது இல்ல? தண்ணி ரொம்புது. கொழாய்க்கு வாய் இல்ல. தொட்டி இன்னா ஆவும்?"

"பெருத்துப் பூடும்."

"அவ்ளோதான். கொழாய்க்கு வாய் வெக்கப்போறோம்."

சாந்தி யோசித்தார். "அப்ப அன்னிக்கு நாங்க மஞ்சத் தண்ணி ஊத்துனது?"

"அட்வான்ஸா ஊத்திட்டீங்க."

மித்ரா வலியிலும் சிரித்தாள். சாந்தி சிரிக்கவில்லை. அவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது; குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த எடத்துல கத்தி வெச்சா... நாளைக்குக் கல்யாணம்னு வரும்போது..."

"அது மானமும் இல்ல, சாட்சியும் இல்லம்மா. தோலு. பல பொண்ணுங்களுக்குப் பொறக்கும்போதே தொறந்துதான் இருக்கும். இவளுக்கு மூடிப் பொறந்துச்சு. மத்தவங்களுக்கு இருக்கற மாதிரி ஆக்கப்போறோம், எதையும் எடுக்கல. விட்டா கிட்னிக்குப் போவும்."

சாந்தி கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை சிறியதுதான். குறுகிய மயக்கம், சவ்வில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெட்டு, ஓரங்களில் சில தையல். கெட்டியாக, கரும்பழுப்பு நிறத்தில் தேங்கியிருந்த ரத்தம் வெளியே வரத் தொடங்கியதும், சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று வயிற்றை அழுத்தத் தோன்றும். சீஃப் என் கையைப் பார்த்தார். நான் அழுத்தவில்லை. அழுத்தினால் ரத்தம் மேலே, கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போகலாம். அது தன் வேகத்தில் இறங்கட்டும் என்று இருவரும் நின்றோம். மேடு மெல்ல அடங்கியது.

உடம்புக்குச் செய்ய வேண்டியது அதோடு முடிந்தது. மறுநாள் வார்டில் மித்ரா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல டாக்டர். டீம்ல ஒரு பொண்ணு வந்துச்சு. அவங்கம்மா இனிமே எங்கூட வெளாட வேணாம்னு சொல்ட்டாங்களாம். எனக்குக் கலைச்சுட்டாங்கன்னு பேச்சு."

சாந்தி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். "தண்ணி புடிக்கப் போனா பேச்ச நிறுத்திடறாளுங்க மேடம். என் பொண்ணு சுத்தமான பொண்ணுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. பெரிய டாக்டரு கையெழுத்தோட."

சீஃப்பிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போதே எழுந்து வார்டுக்கு வந்தார்.

"அப்படி ஒரு சீட்ட எந்த டாக்டராலயும் எழுத முடியாது சாந்தி. அதுக்கு டெஸ்ட்டே கெடையாது. நான் எழுதிக் குடுத்தா, நாளைக்கு சீட்டு இல்லாத பொண்ணுங்கல்லாம் இன்னா பண்ணுவாங்க?"

"அப்ப எம் பொண்ணு?"

சீஃப் என்னைப் பார்த்தார். நோயாளி என்னுடையவள், முடிவையும் நான் எடுக்க வேண்டும் என்பது அந்தப் பார்வை. எனக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சு எங்கள் மருத்துவமனை வராந்தாவில் ஒருவர் வாயிலிருந்து கிளம்பியது. கிளப்பியவர் உயிரோடு, நல்ல தொண்டையோடு இருக்கிறார்.

குணாவை அழைத்தேன். சட்டையில் டீசல் வாசனையோடு வந்து நின்றார்.

"அவ கர்ப்பமா இல்ல. எப்பவும் இருந்ததில்ல. வயித்துக்குள்ள ரத்தம் தேங்கியிருந்தது, எடுத்துட்டோம்."

"மெய்யாலுமா டாக்டரு?" முகம் தொங்கிவிட்டது. "ரத்தம் ஏன் தேங்கிச்சு?"

"அது அவ விஷயம். அவ சொன்னா கேட்டுக்குங்க, சொல்லலைன்னா கேட்காதீங்க. உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அன்னிக்கு வராந்தால கத்தினீங்களே, அதே வராந்தால, அதே கூட்டத்துக்கு முன்னாடி, அது தப்புன்னு சொல்லணும்."

"ஐயோ, பேஜாராப் பூடும் டாக்டரு. எத்தினி பொம்பளைங்க கீறாங்க!"

"அன்னிக்கும் அத்தனை பேர் இருந்தாங்க."

அவர் தலையைச் சொறிந்தார்.

மித்ராவை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். பின்பக்கப் படி வழியாகப் போய்விடுகிறோம் என்று சாந்தியும் கேட்டார். வேண்டாம் என்றேன். அடுத்த புறநோயாளிகள் நாள் காலையில், கூட்டம் நிறைந்த நேரத்தில், முன் வராந்தா வழியாகத்தான் அனுப்புவேன் என்று காரணத்தையும் சொன்னேன். மித்ரா உடனே சம்மதித்தாள். சாந்தி கொஞ்சம் பொறுத்துச் சம்மதித்தார்.

அந்தக் காலையில் இரண்டு பெஞ்சுகளும் நிறைந்திருந்தன. மித்ரா நிமிர்ந்து நடந்து வந்தாள். பேச்சு அடங்கியது. குணா தூணருகே நின்றிருந்தார். நான் அவருக்கு எதிரே போய் நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"மாமா," என்றாள் மித்ரா. "அன்னிக்குக் கத்துனியே, அந்த சவுண்டு எங்க?"

"ஆமா நைனா, பின்னாடி ஒண்ணும் கேக்கல!" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

குணா தொண்டையைச் செருமினார். டிரெய்லருக்கு வழி கேட்கிறவரின் தொண்டை.

"எங்கக்கா பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல! வயித்துல நோவு, டாக்டருங்க செரி பண்ட்டாங்க! நான்தான் ஒண்ணும் தெரியாம அசிங்கமா பேசிட்டேன். மித்ரா, மன்னிச்சுக்கோம்மா. இனிமே எவனாச்சும் இதப் பத்திப் பேசுனா..."

"டேய், போதும்டா" என்றார் சாந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

எம்.கே.பி. நகர்ப் பெண் ஒருவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "வாம்மே, ஆட்டோ வர்ற வரிக்கும் இப்டி குந்து" என்று மித்ராவுக்கு இடம் விட்டார். மித்ரா உட்கார்ந்தாள். அந்தப் பெண், "எந்த எடத்துல ஆடறே, கோல் கீப்பரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

சீஃப் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பேசி முடிச்சாச்சா? அடுத்த நம்பர் யாரு?"